எடுக்காத அழைப்புக்காக மணப்பாடு வரை

தொம்மை இறந்து இரண்டு வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் இறந்த அன்று காலையில் அவருடைய போனிலிருந்து எங்கள் குழுவில் இருந்த இருபது பேருக்கும் அழைப்பு வந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. அதற்காகத்தான் போன சனிக்கிழமை மணப்பாடு போய் வந்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ‘சத்தமாப் பேசுங்க’ என்பது எங்கள் வாட்ஸப் குழு. எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லோருக்கும் காது கேட்பது குறைவு. நான் பதினாறு வயதில் கடலை மில்லில் மிஷின் ஓட்டிக் காதைத் தொலைத்தவன். பிறகு திண்டுக்கல்லில் சொந்தமாக வெங்காய மண்டி வைத்து நிமிர்ந்தேன், காது மட்டும் நிமிரவில்லை. தொம்மை தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். ஆழத்தில் செவிப்பறை கிழிந்தது. குழுவில் சேர்ந்த அன்று அவர் எழுதியது இது: “முத்தெல்லாம் எங்க தாத்தாவோட சரி. நான் எடுத்தது சங்கு. இப்ப எனக்கே சங்கு ஊதினாலும் எனக்குக் கேக்காது.”

எந்தக் காது மிஷின் பேட்டரி சீக்கிரம் தீராது, பேங்கில் கேட்டதையே மூன்று முறை கேட்டால் முகம் சுளிக்காத கவுண்டர் எது, பேரன் பேசுவது புரியாமல் சிரித்து வைத்தால் என்ன வம்பு வரும், இதெல்லாம்தான் எங்கள் பேச்சு. விதி ஒன்றுதான்: போன் அடிக்கக் கூடாது, குரல் பதிவு அனுப்பக் கூடாது, எழுத வேண்டும். வெளியே எங்களை எல்லோரும் கத்திக் கூப்பிடுகிறார்கள். கத்தாத இடமாக எங்களுக்கு இது ஒன்றுதான் இருந்தது.

அந்தக் காலையில் போன் வந்ததும் குழுவில் ஒரே கேலி. “தொம்மைக்கு வயசாயிருச்சு, விதி மறந்துட்டாரு” என்று ஒருவர். “கடலுக்குள்ள இருந்து கூப்பிடுதாரோ” என்று இன்னொருவர். நானும் என் பங்குக்கு எழுதினேன். பிறகு அவரிடமிருந்து பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தோம். குழுவில் யாராவது பத்து நாள் கோபித்துக்கொள்வது வழக்கம்தான். குழுவில் ஒருவரான நாசரேத் ஜெயமணி டீச்சர் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற மணப்பாட்டு அம்மாள் ஒருநாள் சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. போன் செய்தது தொம்மை இல்லை, அவர் மனைவி ரோசலி. அவருக்குப் பச்சைப் பொத்தானை அமுக்கத் தெரியும், எழுதி அனுப்பத் தெரியாது. ஒரே மகன் கப்பலில் வேலை, அன்று நடுக்கடலில்.

வருகிறோம் என்று மீன்கார அம்மாள் மூலம் சொல்லி அனுப்பினோம். “வந்து என்னத்தச் செய்யப் போறாவளாம்?” என்று பதில் வந்தது. வரவேண்டாம் என்று சொல்லவில்லையே என்று டீச்சர் சொன்னார். கிளம்பிவிட்டேன். வாசலோடு திருப்பி அனுப்பினாலும் சரி, காரணத்தைச் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

இனி வழி. அதிகாலை நாலரைக்குத் திண்டுக்கல்லில் பஸ் ஏறினேன். ஆறு மணிக்கு மதுரை. ஆரப்பாளையத்தில் இறங்கி மாட்டுத்தாவணிக்கு டவுன் பஸ் மாற வேண்டும், இதற்கு அரைமணி போகும். மாட்டுத்தாவணியில் 6.40 தூத்துக்குடி பஸ், டிக்கெட் 130 ரூபாய். ஒன்பதே முக்காலுக்கு இறங்கினேன். திண்டுக்கல்லிலிருந்தே திருச்செந்தூருக்கு நேர் பஸ்சும் இருக்கிறது, ஆனால் வழியில் எங்கே நிற்கிறது, யார் என்ன கத்துகிறார்கள் என்று தெரியாமல் ஆறு மணி நேரம் உட்கார எனக்குப் பயம். மாறி மாறிப் போனால் ஊர் தெரியும். தூத்துக்குடியில் கொஞ்ச நேரம் இருந்தால் உப்பளமும் துறைமுகத்துக் கிரேன்களும் கண்ணில் படும். இந்தத் துறைமுகம் வழியாகக் கொழும்புக்கு எத்தனையோ லோடு வெங்காயம் அனுப்பியிருக்கிறேன். அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்த மனுஷனை ஒரு தடவை போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. போனில்தான் தினமும் இருக்கிறாரே என்கிற எண்ணம்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 40 ரூபாய். டீச்சர் அங்கே காத்திருந்தார். நான்கு வருடமாக எழுதிப் பழகியவர், நேரில் பார்ப்பது முதல் தடவை. எனக்கு இடது காது கொஞ்சம் கேட்கும், அவருக்கு வலது. “நீங்க இங்கன உக்காருங்க அண்ணாச்சி, ரெண்டையும் சேத்தா ஒரு முழு ஆளு” என்று ஜன்னல் பக்கம் என்னைத் தள்ளினார். மணப்பாட்டுக்குப் பதினெட்டு கிலோமீட்டர், டிக்கெட் 18 ரூபாய். கண்டக்டர் ஏதோ கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் கையைக் காதில் வைத்தோம்.

“மெயின் ரோட்டு வெலக்குல எறங்குதியளா, ஊருக்குள்ள வாரியளான்னு கேட்டேன். காது கேக்காதுன்னு முன்னாடியே சொன்னா கத்தியிருப்பம்லா!”

“கத்தாதீங்க தம்பி, மெதுவா வாயை அசைச்சாப் போதும்” என்றார் டீச்சர்.

நம் ஆட்களுக்கு என் யோசனை: இறங்கும் இடத்தைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், ஏறியதும் கண்டக்டரிடம் காட்டிவிடுங்கள். ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டுக்குள் உட்காருங்கள். கடற்கரையில் காது மிஷினைக் கழற்றிவிடுங்கள், காற்றின் இரைச்சலில் அது உதவாது, உப்பும் மணலும் புகுந்தால் செலவு. மணப்பாட்டில் மணல் குன்றின் மேல் சிலுவைக் கோயில் தெரியும். அதைப் பார்த்தபடி பத்து நிமிடம் நடந்தால் தொம்மையின் தெரு. ஆட்டோ வேண்டாம்.

ரோசலி வாசலில் நின்றார். அறுபது வயதுக்குக் குறைவாகத்தான் இருக்கும். வாங்கிப்போன பழத்தையும் ஹார்லிக்ஸையும் வாங்காமல், “கீழ வைங்க” என்றார். உள்ளே வரச் சொன்னார், நாற்காலி போட்டார், தண்ணீர் தந்தார். பிறகு எங்கள் எதிரே உட்கார்ந்து, காது கேட்காதவர்களிடம் பேசிப் பழகிய ஆள் என்பதால், நிதானமாக, வாய் தெரியும்படி பேசினார். அதனால் ஒரு சொல்லும் தப்பவில்லை.

“இருவது பேரு இருக்காவ, இருவது பேரும் நமக்கு ஒறவுன்னு சொல்லுவாவ. ஒவ்வொரு பேரா அமுக்கினேன். மணி அடிக்கி, ஒருத்தரும் எடுக்கல. கேக்காத ஆளுவ, ஆனா பாத்துட்டு எப்படியும் வந்துருவாவன்னு நெனச்சேன். பன்னெண்டு மணிக்கி எடுக்கலாம்னு பங்குச் சாமி சொன்னாவ. ‘இன்னும் ஆளு வரணும் சாமி’ன்னு நாந்தான் அஞ்சு மணி வரைக்கும் நிறுத்தி வச்சேன். தெரு பூரா வாசலப் பாத்துட்டு இருந்திச்சு. யாரு வந்தா?”

விதியைச் சொன்னேன். போன் எடுத்தாலும் எங்களுக்குக் கேட்காது, அதனால் எடுப்பதில்லை, எடுக்காதது அவரை மதிக்காமல் இல்லை என்று. மண்டியில் எவ்வளவோ பேரைப் பேச்சால் சரிக்கட்டியவன் நான். அந்த வீட்டில் நான் சொன்னது எனக்கே நொண்டியாகத்தான் பட்டது.

“கேக்காட்டா என்ன? எடுத்திருந்தா நான் அழுதது தெரியாதா?” என்றார்.

டீச்சர் அழுதுவிட்டார். ரோசலி அழவில்லை. என் சட்டைப்பையைப் பார்த்தார்.

“அதுக்குள்ளதான இருக்கு, அவுக பேசுனது?”

இருக்கிறது என்றேன்.

“படிங்க. எனக்குக் கண்ணுல பொரை. மூணாங்கிளாசுக்கு மேல போகவுமில்ல.”

தொம்மை எழுதியதைத் தேடி எடுத்துப் படித்தேன். மீன் விலை, முழங்கால் வலி, எங்களை வம்புக்கு இழுப்பது. எனக்கு வெங்காயம் என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார். அங்கங்கே ரோசலி சிரித்தார். சிரிக்கச் சிரிக்க முகம் மாறிக்கொண்டே வந்தது.

“இம்புட்டுப் பேசியிருக்காவளா? வீட்டுல நாலு வருசமா வாயத் தொறக்கல. சோறு, தண்ணி, வெளக்க அமத்து, அம்புட்டுதான். கடலு அவுக பேச்சையும் வாங்கிட்டுன்னுல்லா நெனச்சேன். எல்லாத்தையும் உங்ககிட்டயே கொட்டியிருக்காவ.”

நிறுத்திவிடலாமா என்று டீச்சரைப் பார்த்தேன். படிங்க என்று ரோசலி கையைக் காட்டினார். அடுத்து வந்தது இது:

“ரோசலி இன்னிக்கி பச்சச் சேல கட்டியிருக்கா. நல்லாருக்கு. சொன்னா ‘என்ன?’ம்பா. அவ சொல்லுதது எனக்குக் கேக்காது. பெறகு ரெண்டு பேரும் கத்தணும், தெரு பூரா கேக்கும். அதான் இங்கன எழுதுதேன்.”

ரோசலி என் போன் பக்கம் குனிந்தார். பிறகு, “எந்தப் பச்ச? எங்கிட்ட ரெண்டு இருக்கு” என்று கேட்டார்.

அது போன வருடம் செப்டம்பரில் சிலுவைக் கோயில் திருநாளுக்கு முந்தின வாரம் எழுதியது என்று பார்த்துச் சொன்னேன். விரலில் ஏதோ கணக்குப் போட்டார். “அப்ப மஞ்சக்கரை வச்சது” என்றார். அந்தச் சேலையை மகனின் வேலைக்கு நேர்ந்துகொண்டு அன்றுதான் கோயிலுக்குக் கட்டிப் போனாராம். வாசலில் உட்கார்ந்திருந்த தொம்மை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தாராம். அன்று முழுவதும் அவரோடு பேசவில்லையாம். அதற்குப் பிறகுதான் அழுதார்.

எங்களில் பலர் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும். கத்தாமல் பேச ஓர் இடம் கிடைத்ததும், கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டோம். நான் ஊர் திரும்பியதும் என் மனைவியிடம் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் முகம் பார்த்து அரைமணி பேசினேன். பாதி கேட்கவில்லை. கத்தினோம். பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

குழுவின் விதியை எடுக்கவில்லை. ஒன்று மட்டும் சேர்த்திருக்கிறோம்: ஒரே எண்ணிலிருந்து இரண்டாம் முறை மணி அடித்தால் எடுங்கள். கேட்காவிட்டாலும் எடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். திரும்பி வர மணப்பாட்டில் மூன்றரை மணி பஸ்சைப் பிடித்தால் இரவு பதினொன்றுக்குள் திண்டுக்கல் வரலாம். சாப்பாடு தவிர, போக வர 500 ரூபாய்க்குள் முடிந்தது.

அன்று கிளம்பும்போது ரோசலியிடம், தொம்மை எழுதியதை எல்லாம் யாரையாவது வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்ணி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“போன்ல வேண்டாம். ஆளா வாங்க. ஒரேயடியாப் படிச்சுத் தீத்துராதீங்க” என்றார். வாசல்வரை வந்து, “நான் அடிச்ச அன்னிக்கி நீங்க எல்லாரும் என்ன எழுதினிய?” என்று கேட்டார். நான் போனைத் திறந்தேன். “இன்னிக்கி வேண்டாம். அது கடைசில” என்றார்.

குழுவில் இருப்பவர்கள் கவனத்துக்கு, பேசி முடித்தது இது. நான் பேரம் பேசவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒரு தடவைக்கு ஒருவர். தொம்மை சேர்ந்த நாளிலிருந்து வரிசையாக, ஒரு மாதத்துப் பேச்சு மட்டும். அவர் எழுதியதோடு நாம் எழுதிய பதிலையும் படிக்க வேண்டும், கேலியை விடக் கூடாது. வெறுங்கையோடு போக வேண்டும். மத்தியானச் சாப்பாடு ரோசலி பொறுப்பு, பஸ் செலவு நம் பொறுப்பு. மொத்தம் ஐம்பத்திரண்டு மாதம் இருக்கிறது. நம்மில் இளையவருக்கு வயது அறுபத்தொன்று. கடைசி மாதத்தை, அந்தக் காலையில் நாம் எழுதியதோடு சேர்த்து, நான் போய்ப் படிக்க வேண்டும். நான் இல்லாவிட்டால் டீச்சர்.