உதட்டில் தடவிய கிளிசரின்

முப்பதுகளில் ஒரு வருஷம், புதுநன்மைக்கு நான்கு நாள் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் கண்டது. எனக்கு ஒன்பது வயது. முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறவள் படுத்துவிட்டால் வீடு என்னாகும்! அம்மா தைத்த வெள்ளை உடுப்பு கொடியில் தொங்கியது. காய்ச்சல் வேகத்தில் அது தானாக ஜன்னல் வரை நடந்துபோய்த் திரும்புவதைப் பார்த்தபடி கிடந்தேன். பயமாக இல்லை, சுகமாகவே இருந்தது.

புதுநன்மை நாள் விடியும்போது காய்ச்சல் விட்டிருந்தது. உதடு மட்டும் வெடித்து, வாயைத் திறந்தால் ரத்தம் வந்தது. அப்பா பிரெஞ்சுக்காரர் ஒருவரின் மருந்துக்கடையில் மருந்து கலப்பவர். தொண்டைப்புண்ணா, மலச்சிக்கலா, எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கிளிசரின்தான். நீரிழிவுக்காரர்களின் கசப்பு மருந்திலும் சர்க்கரைக்குப் பதிலாக அதையே ஊற்றுவார். "இது சர்க்கர இல்ல, ஆனா இனிக்கும்" என்று தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்வார். எந்த மருந்தையும் நுனிநாக்கில் தொட்டுப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டார்.

கோழி இறகில் கிளிசரினைத் தொட்டு என் உதட்டில் தடவினார்.

"நாக்கு படக்கூடாது, தெரிதா? மருந்து உள்ள போனாலும் நடுராத்திரியிலேந்து இருக்கற உபவாசம் முறிஞ்சிடும். அப்புறம் நன்ம வாங்கமுடியாது."

தலையாட்டினேன். குப்பியைத் தக்கையால் மூடினார், இறகைத் துடைத்தார், கையைக் கழுவினார்.

கோயிலுக்கு நடந்தோம். தெருவெல்லாம் வெளிறிய வெளிச்சம். நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியவில்லை. கடற்காற்றில் முக்காட்டு வலை பறந்து உதட்டில் ஒட்டிக்கொண்டது. விலக்குவதற்காக நாக்கை நீட்டினேன். இனித்தது. நான்கு நாளாகக் கஞ்சியைத் தவிர எதையும் அறியாத நாக்கு அது. இன்னொரு தடவை நக்கினேன். வேண்டுமென்றேதான். பிறகு மேலுதட்டையும். வெட்கங்கெட்ட நாக்கு!

கோயிலில் வரிசையில் நின்றபோதுதான் உறைத்தது. வாங்கினால் சாவான பாவம், நரகம்தான். வாங்காவிட்டால், அரியாங்குப்பத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் சித்திகள் ஆயுசுக்கும் விடமாட்டார்கள். எனக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தபோது விலகிவிட்டேன். பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி என் தோளைப் பிடித்தார்.

"என்னா ஆச்சி?"

"உதட்ட நக்கிட்டேன், மதர்."

அவர் என்னைப் பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்தார். சித்திகளின் முணுமுணுப்பு கேட்டது. செத்துப்போகலாம் போலிருந்தது.

பெரியவர்கள் நன்மை வாங்க எழுந்தார்கள். அப்பா போகவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து எல்லாரும் பார்க்கப் பெண்கள் பக்கம் வந்து, என்னருகில் முழந்தாளிட்டார்.

"நானும் வாங்கல" என்றார் மெதுவாக. "காத்தால உனக்குத் தடவறதுக்கு முன்னாடி நாக்குல வச்சிப் பாத்துட்டேன். பழக்க தோஷம்."

குற்றவாளிகள் இரண்டு பேர் என்றதும் என் அழுகை நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முக்காடும் மெழுகுவர்த்தியும் இல்லாமல், இருவரும் நன்மை வாங்கினோம்.

அப்பா போய் வெகுகாலத்துக்குப் பிறகு, காய்ச்சலில் கிடந்த என் மகளின் உதட்டில் கிளிசரின் தடவினேன். அந்தக் காலை அப்படியே முன்னால் வந்து நின்றது. இறகு, தக்கை, கை கழுவிய தண்ணீர். நான் அவர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் கை வாய்ப்பக்கம் போகவேயில்லை.