பெரியப்பா வாசிக்காத வேதம்

கறுப்பு ரெக்சின் உறையின் ஜிப்பைப் பெரியப்பா மெதுவாக இழுக்கும் சத்தம் கேட்டால் ஜெபக்கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ராஜபாளையத்தில் அவருடைய வீட்டு முன்னறையில், வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், பாய்களில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்தச் சத்தத்துக்கே முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். உள்ளேயிருந்து வெளிவரும் வேதாகமத்தின் ஓரங்களில் தங்கம் பூசியிருக்கும். குழல்விளக்கு வெளிச்சத்தில் அது மின்னும்போது அவர் முகமும் சேர்ந்து மின்னும். புது வேதாகமத்தில் அந்தப் பூச்சு பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும்; வாசிக்க வாசிக்கத்தான் பிரியும். பெரியப்பாவின் வேதாகமம் அவர் கைக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டேதான் இருந்தது. உள்ளே சங்கீதம் என்ற பகுதியில் ஓரிடமும் யாத்திராகமம் என்ற பகுதியில் ஓரிடமும் கைபட்டுக் கறுத்திருக்கும். மற்றதெல்லாம் கடையிலிருந்து வந்தபடியே பளபளத்தது. நான் அதை வெகுகாலம் பக்தி என்று நினைத்திருந்தேன். புனிதமான பொருளை அப்படித்தான் அலுங்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். பஞ்சுக் கமிஷன் கடை வைத்திருந்தார். எண்பதுகளில் எங்கள் சபைக்கு அவர்தான் மூப்பர். போதகர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். பெரியப்பா மட்டும் அசையமாட்டார். நல்ல குரல். அந்தக் குரல் ஒன்றை வைத்துக்கொண்டே அவர் காலத்தை ஓட்டிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவார், கண்ணை மூடுவார், உதட்டைக் கடிப்பார். ஏதோ மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இறங்கிவருவது போன வாரம் சொன்ன அதே விஷயமாக இருக்கும். யாராவது ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால், அவர்களுடைய விசுவாசத்தில் ஓட்டை இருப்பதாகச் சொல்லி, அதற்காகத் தனியாக ஒரு ஜெபம் செய்வார். கேட்டவர் மறுபடி வாயைத் திறக்கமாட்டார். வீட்டில் தனியாக வேதம் வாசிப்பதை அவர் விரும்பியதே இல்லை. "தனியா வாசிச்சா புத்தி பேதலிச்சுப் போகும். கேளுங்க, அது போதும்" என்பார். கமிஷன் கடைக்காரருடைய யோசனைதான் அது. தன் கையைத் தாண்டி எந்தச் சரக்கும் யாருக்கும் போய்ச் சேரக் கூடாது.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். பாடம் என்றால், பெரியப்பாவிடம் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது. ஒரு டிரங்க் காலை வாங்கி அடுத்த ஊருக்கு இணைத்துவிடுகிற மாதிரிதான். நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்கு விஷயம் தெரிய வேண்டியதில்லை.

பெரியப்பாவின் ஒரே மகனான அண்ணனுக்கு வ. புதுப்பட்டியிலிருந்து பெண் எடுத்தார்கள். மதினி என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். காடுகரை உழுகிற சம்சாரி வீட்டுப் பெண், எட்டாம் வகுப்பு வரை படிப்பு. மதினியின் குடும்பம் அவருடைய அம்மா காலத்தில்தான் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தது. பெரியப்பா அதைப் பெரிய மனதுடன் பொறுத்துக்கொள்வதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் பிள்ளை ஆண். சில மாதங்களில் அவனுக்குப் பார்வை இல்லை என்று தெரிந்தது. மதுரையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, பிறவியிலேயே அப்படித்தான், செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார்.

பெரியப்பாவுக்குச் செய்வதற்கு நிறைய இருந்தது. யாத்திராகமத்தில் கைபட்டுக் கறுத்த அந்த இடத்தைத் திறந்தார். முன்னோர் செய்த பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் பிள்ளைகள்மேல் வரும் என்கிற இடம். அதைத் தன் பக்கத்துத் தலைமுறைகளின் மேல் திருப்பிப் பார்க்கும் யோசனை அவருக்கு ஒரு நொடிகூட வரவில்லை. மதினியின் ஆச்சி அம்மன் கோயிலில் சாமியாடியவர் என்று யாரோ சொன்னது அவருக்குப் போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் மதினியை நடுவில் முழங்காலிட வைத்து, பிள்ளையை மடியில் கொடுத்து, பிறந்த வீட்டின் பாவத்தை மதினி வாயாலேயே அறிக்கையிடச் சொல்வார். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மதினி திருப்பிச் சொல்வார். சுற்றியிருக்கிறவர்கள் அழுவார்கள். அண்ணன் கதவோரமாக நின்று தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு எப்போதும் பார்ப்பதற்குக் கால் விரல்கள் இருந்தன.

எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு அக்கா இருந்தார். முஸ்லிம். நான் இதையெல்லாம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, குருட்டுப் பிள்ளையைப் பற்றி எங்கள் வேதத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டார். பெரியப்பா சொன்னதைச் சொன்னேன். "அவுக சொன்னது சரிம்மா. நீ வாசிச்சியா?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

மறுநாள் அப்பாவின் பழைய வேதாகமத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து எடுத்துப் போனேன். புதிய ஏற்பாட்டை முதல் பக்கத்திலிருந்து, ஒரு கதைப் புத்தகத்தை வாசிப்பதுபோல, இடைவேளைகளில் வாசித்தேன். பக்கத்து சீட் அக்காவுக்கு வாசித்ததைச் சொல்ல வேண்டும், "பொறவு என்னாச்சு?" என்று அவர் கேட்பார். அப்படித்தான் யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்துக்கு வந்தேன். பிறவிக் குருடன் ஒருவன் வழியில் இருக்கிறான். இவன் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று இயேசு சொல்லிவிடுகிறார். பெரியப்பா கேட்க வேண்டிய கேள்வியை அன்றைக்கே கேட்டு, பதிலும் வாங்கி, எழுதியும் வைத்துவிட்டார்கள். அது அவருடைய ஒட்டிக்கொண்ட பக்கங்களுக்குள் இத்தனை நாளும் அழகாக இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே மதினியிடம் சொன்னேன். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "நீ சொல்லுத. மாமாவும்தான் சொல்லுதாவ. எங் கண்ணால பாக்கணும்" என்றார். கொடுத்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். அந்த வசனத்தில் விரல் வெகுநேரம் நின்றது. பிறகு புத்தகத்தை இரண்டு நாள் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

நான் தேடியது கிடைத்ததும் நிறுத்திவிட்டேன். மதினி அதிகாரம் முழுவதையும் வாசித்திருந்தார். இயேசு அந்தக் குருடனுக்குப் பார்வை கொடுத்தபிறகு பரிசேயர் என்கிற மதத் தலைவர்கள் அவனுடைய பெற்றோரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். ஜெப ஆலயத்திலிருந்து தள்ளிவிடுவார்களே என்று பயந்து, அவனையே கேளுங்கள், எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் நழுவிவிடுகிறார்கள். கடைசியில் அவன் ஒருவன்தான் நின்று வாதாடுகிறான், அவனை வெளியே தள்ளிவிடுகிறார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மதினி சொன்னார்: "அவனப் பெத்தவிய ரெண்டு பேரும் பயந்துட்டாவ. பிள்ளைக்காக ஒரு வார்த்த பேசல. நான் பேசுவேன்."

அந்த வெள்ளிக்கிழமை பெரியப்பா ஜிப்பை இழுத்து, பாவ அறிக்கையின் முதல் வரியைச் சொன்னார். மதினி திருப்பிச் சொல்லவில்லை. இவன் செய்த பாவமும் இல்லை, பெற்றவர்கள் செய்த பாவமும் இல்லை என்று வேதத்தில் இருக்கிறது, யோவான் ஒன்பதைக் கொஞ்சம் எடுங்கள் மாமா என்றார். குரல் உயரவில்லை. பெரியப்பா எடுக்கப் பார்த்தார். அதுதான் என் கண்ணைவிட்டு இன்னும் போகாத காட்சி. பக்கங்கள் கொத்துக்கொத்தாகப் புரண்டன. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் வந்தார்கள், நாளாகமம் வந்தது, யோவான் வரவில்லை. விரலை எச்சில் தொட்டுப் பார்த்தார். சபையின் மூப்பர், சுவிசேஷம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்தார். பாயின் ஓரத்திலிருந்து ஒரு கிழவி, "நடுவுக்கு அங்கிட்டுப் பாருங்கய்யா" என்று உதவிகூடச் செய்தாள்.

பிறகு புத்தகத்தை மூடினார். கண்ணையும் மூடினார், வழக்கம்போல. மேலேயிருந்து இறங்கியது இதுதான்: "அது அந்தக் குருடனுக்குச் சொன்னது. இந்தக் குருடனுக்கு இல்ல."

நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவள் இல்லை. ஆனாலும் இவ்வளவு மட்டமான ஒரு வேத விளக்கத்தை அதற்குப் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. அதற்கும் இரண்டு மூன்று பேர் ஆமென் சொன்னார்கள்.

ஒரு வாரத்துக்குள் மதினியை, தாழ்மை கற்றுக்கொண்டு வரும்வரை பிறந்த வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார். என்னை ஓய்வுநாள் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். டெலிபோன் ஆபீஸ் பெண் குடும்பத்தைக் கெடுத்துவிட்டாள் என்று பெரியப்பா என் அப்பாவிடம் வந்து சொல்ல, அப்பா என்னைக் கூப்பிட்டு, வாசித்ததை உனக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். வைத்திருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் நடுவீட்டில் பாவமாகத்தான் கிடந்திருப்பான்.

மதினி பிறந்த வீட்டில் அதிக நாள் இருக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாலர் பள்ளியில் ஆயா வேலை கிடைத்து, பள்ளிக்குப் பின்னாலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலர் சாயங்காலம் வந்து உட்காருவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் வாசிப்பார்கள். வாசித்தவளே அதில் தனக்குப் பட்டதைச் சொல்ல வேண்டும். டியூட்டி முடிந்து நானும் போவேன். கண் மூடல், உதட்டைக் கடித்தல் எதுவும் கிடையாது. சில நாள் சண்டைகூட வரும்.

அண்ணன் ஞாயிறு மத்தியானம், பெரியப்பாவுக்குத் தெரியாமல், பஸ் ஏறி வந்து பெண்டாட்டி பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவான். ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு பஸ் ஓடவில்லை. தங்கிவிட்டான். திங்கட்கிழமையும் போகவில்லை. வாழ்க்கையில் அவன் செய்த ஒரே கலகம் அது. அதையும் மழைதான் செய்து கொடுத்தது.

பையன் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான். புடைத்த புள்ளிகளை விரலால் தடவி வாசிக்கக் கற்றுக்கொண்டான். விடுமுறைக்கு வரும்போது ஒரு பெரிய புத்தகத்தைச் சுமந்து வருவான். யோவான் சுவிசேஷம் மட்டுமே அவ்வளவு கனம். அதை எங்களுக்கு வாசித்துக் காட்டுவான். தொண்ணூறுகளின் கடைசியில் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறினான். ஊர் பேசியது. பெரியப்பாவுக்குப் பேரன் இருப்பது திடீரென்று ஞாபகம் வந்தது.

பேரன் தேறியதற்காக ராஜபாளையம் சபையில் ஸ்தோத்திரக் கூட்டம் ஏற்பாடு செய்தார். போகவே கூடாது என்று நான் சொன்னேன். மதினி, போவோம் என்றார். பெரியப்பா நரைத்துப்போயிருந்தார்; குரல் மட்டும் அப்படியே இருந்தது. பேரனை முன்வரிசையில் உட்காரவைத்து, யோவான் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்தார். யாரோ காகிதத் துண்டு வைத்து அடையாளம் செய்து கொடுத்திருந்தார்கள். இவன் செய்த பாவமும் அல்ல, பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று வாசித்து, கண்ணை மூடினார். இந்த வசனத்தை ஆண்டவர் தனக்குத் தனிப்பட்ட விதத்தில் வெளிப்படுத்தினார் என்றும், இந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அதைப் பற்றிக்கொண்டுதான் தான் ஜெபித்து வந்ததாகவும் சொன்னார். அவர் கண்ணில் நீர் வந்தது. நிஜமான நீர். அவர் சொன்னதை அவரே நம்பிவிட்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வெள்ளிக்கிழமைகளில் முன்னறையில் உட்கார்ந்து அழுத பெண்களே இப்போதும் அழுதார்கள். பிறகு குருடனுக்குப் பார்வை வந்த இடம்வரை வாசித்து, வேதாகமத்தை மூடி ஜிப்பைப் போட்டார்.

பையன் அம்மாவின் பக்கம் சாய்ந்தான். "ஏம்மா, தாத்தா பாதியில நிறுத்திட்டாவ? அவனத் தள்ளிவிட்டது, அவன் அப்பா அம்மா பயந்தது, எல்லாம் இனிமதான வரும்?"

மதினி அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னார்: "தாத்தா இன்னும் அதுவரைக்கும் வாசிக்கல, ராசா."

அந்த 'இன்னும்' என்ற சொல்லில் மதினிக்கு இருந்த பெருந்தன்மை எனக்கு அன்றைக்கு வரவில்லை. பெரியப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. இன்றைக்கும் வரவில்லை.