லுணுகலை ஏற்றத்தில் உறைந்த தேங்காயெண்ணெய்

டீசல் லொறியைத் தேங்காயெண்ணெயில் ஓட்ட முடியுமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். நான் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன்.

1974, தை மாதம். எரிபொருள் விலை ஏறிக்கொண்டே இருந்தது, கிடைப்பதும் அரிது. களுதாவளையில் எனக்கு வெற்றிலைத் தோட்டம். கொய்த வெற்றிலை பதுளைச் சந்தைக்குப் போகாவிட்டால் அழுகிவிடும். லொறி என் மனைவியின் அண்ணன் அருளப்புவுடையது. ஏறக்குறைய 120 மைலுக்குப் பத்துக் கலன் டீசல் வேண்டும். கிடைத்தது ஐந்து. மிச்சத்துக்கும் திரும்பி வரவும் தேங்காயெண்ணெய் வாங்கினோம். அது மலிவுமில்லை; ஆனால் கிடைத்தது.

“எஞ்சின் பழுதாப்போனா?” என்றேன்.

“அத நான் பாக்கிறன் மச்சான். நீ வெத்திலையப் பாரு.”

பகல் பன்னிரண்டுக்குப் புறப்பட்டு ஒன்றரைக்குச் செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினோம். டீசல் இருந்தவரை தொல்லையில்லை. பிபிலையில் அது தீர்ந்தது, எண்ணெயை ஊற்றினோம். புகையில் பலகாரம் சுடும் மணம். ஏழு மணிக்கு லுணுகலை ஏற்றத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தருகே நிறுத்திப் படுத்தோம். தவறு அங்கேதான்.

காலை ஐந்தரைக்கு எஞ்சின் உயிர்பெறவில்லை. குளிரில் எண்ணெய் உறைந்து, வடிகட்டிக்குள் மெழுகுபோல் அடைத்திருந்தது. லயத்துக் கதவைத் தட்டிச் சுடுநீர் கேட்டோம். ராக்கம்மா என்ற பெண் அடுப்பில் மரவள்ளி இலை வேகும் சட்டியை இறக்கிவிட்டு எங்களுக்குத் தண்ணீர் வைத்தாள்.

வடிகட்டியைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்ததும் எண்ணெய் உருகி மேலே மிதந்தது. அவள் விரலால் தொட்டு முகர்ந்தாள்.

“தேங்கா எண்ணெங்களா? இதயா வண்டிக்கு ஊத்துறீங்க?”



“புள்ளைங்க எண்ணெ பாத்து மூணு மாசமாச்சுங்க” என்றாள். கேட்கவில்லை, சொன்னாள்.

லொறியில் இன்னும் ஒரு கேன் இருந்தது. அருளப்பு அதை இறக்கி அவள் வாசலில் வைத்தார்.

“திரும்பி வாறத்துக்கு?” என்றேன் மெதுவாக.

“டாங்கியில கிடக்கிறது பதுளைக்குக் காணும். பிறகு பாப்பம்.”

வடிகட்டியைத் துடைத்துப் பூட்டி, டாங்கிக்கும் குழாய்க்கும் வெளியே சுடுநீர் ஊற்றி உறைந்ததை உருக்கி, எட்டேகாலுக்குக் கிளம்பினோம். சந்தை கலைவதற்குள் வெற்றிலையை விற்றுவிட்டோம். திரும்பி வர டீசலுக்காகப் பதுளையில் இரண்டு நாள் காத்துக் கிடந்தோம்.

இப்போது முயல்கிறவர்களுக்கு: மலைக்குத் தனித் தேங்காயெண்ணெயோடு போகாதீர்கள். டீசலுக்கொன்று, எண்ணெய்க்கொன்று என இரண்டு டாங்கி வையுங்கள். டீசலில் கிளப்பி டீசலிலேயே நிறுத்துங்கள். வடிகட்டி ஒன்று கூடுதலாக இருக்கட்டும். பொரித்துக் கழித்த எண்ணெய் கிடைத்தால் வடித்து அதையே பயன்படுத்துங்கள்.

திரும்பும் வழியில் அருளப்பு ஒன்றுதான் சொன்னார்: “டீசல் இல்லாட்டி இனி வண்டி நிக்கட்டும்.” அந்த வருடம் மூன்று தடவை வண்டி நின்றது. மூன்று தடவையும் வெற்றிலை அழுகியது. தேங்காயெண்ணெய் வாங்குவோம் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.