பத்து வயது ஆகட்டும்

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ‘சட்டம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் வாசல் காவலாளிக்கே தெரியாது. கப்பலுக்கு அடியில் முக்குளித்து, ப்ரொப்பல்லரில் சிக்கிய கயிற்றை அறுப்பதும், அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவதும் அவர் வேலை. வேலை முடிந்ததும் மற்றவர்கள் எப்போது மேலே வருவோம் என்று பறப்பார்கள். இவர் மட்டும் பாதி வழியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் சேர்ந்த காற்று வெளியேற நிற்க வேண்டிய நேரம் முழுக்க நின்றுவிட்டுத்தான் தலையைக் காட்டுவார். படகில் சாப்பாடு ஆறிப்போகும். “சட்டம் இன்னும் வரலையா?” என்று எல்லாரும் அலுத்துக்கொள்வார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். சாலையில் ஒரு ஈ காக்காய் இருக்காது, இவர் பச்சை விளக்குக்காக நிற்பார். நான் பாதி தூரம் கடந்துபோய்த் திரும்பிப் பார்த்துத் திட்டுவேன். அதற்கும் அசையமாட்டார். இப்படி ஒரு மனிதனோடு குடித்தனம் நடத்துவதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது.

எங்களுக்கு ஒரே பெண். வீட்டில் பாப்பா. நடக்கப் பழகும் முன்பே நீந்தினாள் என்று இவர் அளப்பார். அவர் வேலை முடிந்து வந்ததும், “இன்னைக்கு கீழ என்னப்பா பார்த்தீங்க?” என்று மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். துருப்பிடித்த இரும்பையும் சேற்றையும் பார்த்த மனிதர், அவளுக்காக மீன்களாக அவிழ்த்துவிடுவார். “என்னையும் கூட்டிட்டுப் போங்க” என்பாள். “பத்து வயசு ஆகட்டும். முதல் தடவை நீயும் நானும் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கலாம்” என்பார். இரண்டு பேருக்கும் அதுதான் திருவிழா.

இவரிடம் வேலை கற்றுப் பிறகு தனியாக ஸ்கூபா பள்ளி வைத்தவனை நாங்கள் சின்னவன் என்போம். எட்டு வயதானால் நீச்சல்குளத்தில் சிலிண்டர் மாட்டிக் குழந்தைகளைப் பழக்குவான். கடலில் இறங்கிச் சான்றிதழ் வாங்கப் பத்து வயது ஆகியிருக்க வேண்டும். பாப்பா குளத்தில் மீன்குஞ்சு மாதிரி திரிந்ததைப் பார்த்துவிட்டு, பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே அவன் வீட்டுக்கு வந்தான்.

“அண்ணே, கடல் இப்ப கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்க கூட வாங்க, நானும் இருக்கேன். சான்றிதழ் அப்புறம் போட்டுக்கலாம். ஒரு தடவை கூட்டிட்டுப் போயிடலாமா?”

பாப்பா கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றாள்.

“பத்துன்னா பத்து” என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க! பிறந்தநாளுக்கு மறுநாள் அவளுக்குப் புதுசா என்ன முளைச்சிடப் போகுது?”

“ஒண்ணும் முளைக்காது. ஆனா கீழ ஒரு நொடி பயந்து, மூச்சை அடக்கிக்கிட்டு மேல ஓடி வந்தாள்னா நுரையீரல் கிழிஞ்சிடும். எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்? அவசரம் என்ன, நான் எங்க போயிடப் போறேன்?”

சின்னவன் காபியைக் குடித்துவிட்டுப் போனான். பாப்பா அன்று சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் முக்குளிப்பவர்களுக்கான வருடாந்திர உடல் பரிசோதனை. நானும் கூடப் போயிருந்தேன். இவருடைய நுரையீரலின் ஓரத்தில் காற்று அடைத்த சின்னப் பை ஒன்று இருப்பதாக டாக்டர் படத்தைக் காட்டினார். கொட்டைப்பாக்கு அளவுகூட இல்லை. “தரையில இதனால உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராம இருக்கலாம். ஆனா தண்ணிக்கு அடியில போகாதீங்க. மேல வரும்போது வெடிச்சிடும். இனிமே எப்பவுமே வேண்டாம்.”

“குறைஞ்ச ஆழத்துலகூடவா?” என்று நான்தான் கேட்டேன். இவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும், மேலே நெருங்க நெருங்கத்தான் அடைபட்ட காற்று வேகமாக விரியும், குறைந்த ஆழம்தான் இதில் மோசம் என்று.

கம்பெனியில் வேலையை விட்டு எடுக்கவில்லை. படகில் நின்று மற்றவர்களுடைய கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள். சின்னவன் கூப்பிட்டபோதே போயிருந்தால் பாப்பாவோடு ஒரு தடவையாவது இறங்கியிருப்பார். கைக்கு எட்டியதைத் தட்டிவிட்டது அவரேதான். அதைச் சொல்லிக்காட்ட நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டில் சோற்றைப் போட்டேன்.

பாப்பாவின் பிறந்தநாள் வந்தது. முந்தின நாள் சின்னவன் என்னிடம் தனியாகப் பேசினான். “அண்ணி, அண்ணனும் இறங்கட்டும். நான் டாக்டர் சீட்டு எதுவும் கேட்கமாட்டேன்.” நான் வெட்கத்தைவிட்டு அவரிடம் கெஞ்சினேன். “ஒரே ஒரு தடவைங்க. குழந்தைக்காக.”

“கீழ எனக்கு ஏதாவது ஆச்சுன்னா என் பக்கத்துல இருக்கிறது யாரு? அவதானே?” என்றார்.

சான்றிதழ் வாங்கினாலும் அவள் வயதுக்குப் பெற்றவரோடோ பயிற்சியாளரோடோதான் இறங்கலாமாம். பெற்றவர்களில் மிச்சம் நான். குழாயடியில் தலையை நீட்டவே எனக்குக் குலை நடுங்கும்.

குளத்துப் பயிற்சி முடிந்து அவள் முதல் தடவை கடலில் இறங்கிய நாளில் நாங்கள் இருவரும் படகில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் அத்தனை தெளிவு, கீழே பாறையின் நிழல்கூடத் தெரிந்தது. பாப்பாவின் முகமூடியைச் சரிசெய்து, சிலிண்டர் வால்வை ஒருமுறைக்கு இருமுறை திருகிப் பார்த்துவிட்டு, இவர் அவள் கையைச் சின்னவன் கையில் கொடுத்தார். இருவரும் இறங்கினார்கள். இவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குமிழிகளையே பார்த்தார். பெரிய குமிழிகள் சின்னவனுடையவை, சின்னவை அவளுடையவை. அவள் மூச்சு விடும்போதெல்லாம் இவரும் விட்டார்.

மேலே வந்ததும் பாப்பா வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டுச் சின்னவனிடம் என்னவோ கத்தினாள். இரண்டு கையையும் அகலமாக விரித்துக் காட்டினாள், சிரித்தாள், மறுபடி கத்தினாள். பிறகு படகின் பக்கம் திரும்பினாள். அப்பாவைப் பார்த்தாள். கை தானாகக் கீழே இறங்கியது.

இவர் அவளைத் தூக்கி உட்காரவைத்து, கால் துடுப்புகளைக் கழற்றினார். “கீழ என்னம்மா பார்த்த?”

“ஒண்ணுமே இல்லப்பா. ஒரே கலங்கல். வெறும் மணல்தான்.”

“ஆமாம்மா. இந்தப் பக்கம் அப்படித்தான் இருக்கும்” என்றார் இவர். துண்டால் அவள் தலையை ரொம்ப நேரம் துவட்டினார்.

வீட்டுக்குப் போகும்போது அவள் முன்னால் நடந்தாள். இவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: “அந்தப் பாறைகிட்ட ஒரு ஆமை உண்டு. பெருசு. அதைப் பார்த்திருக்கா.”

எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிறவள் நான். அன்றைக்கு யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.