பரங்கி காய்த்த மார்கழி

எனக்குக் கைராசி இல்லை என்று என் மாமியார் முடிவு கட்டியது எனக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம். அதற்கு அவர் காட்டிய சாட்சிகள் இரண்டு. ஒன்று, என் மடியில் இன்னும் குழந்தை இல்லை. இரண்டு, கொல்லையில் நான் விதை ஊன்றிய பரங்கிக்கொடியில் ஒரு காய்கூட நிற்கவில்லை. முதலாவதைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது. இரண்டாவதை விடுவதாக இல்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. லிங்கராஜபுரத்தில் வீட்டைச் சுற்றித் தாராளமாக இடம் இருந்த காலம். என் கணவருக்குச் சர்க்கார் உத்தியோகம். அவருடைய தாத்தா நாளிலேயே பெங்களூருக்கு வந்து ஊன்றிவிட்ட குடும்பம். மாமியார் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திட்டி முடிப்பார். நான் வாணியம்பாடிப் பக்கத்துப் பெண். திட்டு முழுசாகப் புரியவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

வரப்போகும் தையில் நாத்தனாருக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. எங்களில் கல்யாணத்துக்கு முன் பாலிகை போடுவார்கள். ஊறவைத்த நவதானியத்தைச் சுமங்கலிகள் ஒவ்வொருவராக மண்கிண்ணங்களில் விதைப்பார்கள். அது செழித்து முளைத்தால் பெண்ணின் குடித்தனமும் செழிக்கும் என்று நம்பிக்கை. வீட்டு மருமகள்தான் முதலில் விதைக்க வேண்டும். ஒருநாள் கூடத்தில் மாமியார் தன் தங்கையிடம் சொன்னது சமையலறைவரை கேட்டது.

"அவ கை பேடா. கொல்லையில ஒரு பரங்கி நிக்கல. அவ போட்டா பாலிகை எங்கேர்ந்து மொளைக்கும்? பொண்ணு வாழப்போற காரியம்."

பேடா என்றால் வேண்டாம். அந்தக் கன்னடம் எனக்கு உடனே புரிந்தது. தோசைத் திருப்பியைப் போட்டுவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் எனக்கு எப்போதும் உபயோகப்பட்டிருக்கிறது. பொங்கலுக்குள் அந்தக் கொடியில் காயைக் காட்டியே தீருவது என்று தீர்மானித்தேன்.

அதுவரை வைத்தியம் பார்க்காமல் இல்லை. பிஞ்சு அழுகுகிறது என்றால் போதும், ஊரே வைத்தியர்தான். பால்காரர் அடுப்புச் சாம்பலைத் தூவச் சொன்னார், தூவினேன். எதிர்வீட்டு அம்மாள் வேப்பம் புண்ணாக்கு வைக்கச் சொன்னார், வைத்தேன். ஆபீசில் யாரோ சொன்னார்கள் என்று என் கணவர் புகையிலைத் தண்ணீர் தெளித்துவிட்டு அன்று முழுக்கத் தும்மினார். எல்லாம் கண் திருஷ்டி என்று மாமியார் பந்தலில் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார். இத்தனை உபசாரத்தையும் வாங்கிக்கொண்டு கொடி பந்தலை மூடிப் படர்ந்தது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். பூவுக்கும் குறைவில்லை. பிஞ்சோடு வருகிற பூக்கள் ஒரு காலை மலரும். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு மஞ்சளாகித் தொட்டால் கையோடு வந்துவிடும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான்கு தெரு தள்ளி ஒரு கிறிஸ்தவ அக்கா வீட்டில் அதே பரங்கி குண்டு குண்டாகக் காய்த்துக் கிடந்தது. எனக்கு விதை கொடுத்ததே அவர்தான். ஒரே காயின் விதை, ஒரே செம்மண், ஒரே பனி.

"பாத்தியா, கைதான் வித்தியாசம்" என்றார் மாமியார்.

விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, சாணி உருண்டை பிடித்து, அதில் பரங்கிப்பூவைச் செருகி நடுவில் வைப்பது என் வேலை. மார்கழிக்குத்தான் அந்த வழக்கம். வீட்டுக்கொடியிலேயே பூ கிடைக்கிற பெருமையில் மாமியார் கார்த்திகையிலேயே ஆரம்பித்துவிட்டார். பிஞ்சு உள்ள பூவை யாராவது பறிப்பார்களா? நீளக் காம்பில் வெறுமனே நிற்கும் பூக்களாகப் பார்த்து, இருட்டோடு இருட்டாக, ஒன்று விடாமல் பறித்துவிடுவேன். அவற்றை மாமியார் மலட்டுப் பூ என்பார். அதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பமாட்டார். திரும்பிச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மார்கழி முதல் வாரத்தில் நான் வீட்டுக்கு விலக்கானேன். மூன்று நாள் கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு சாக்கு, ஒரு தட்டு, ஒரு சொம்பு. கோலத்தை மாமியார் போட்டார். பந்தலுக்கு அடியில் குனிய அவர் இடுப்பு இடம் கொடுக்கவில்லை. சாணியில் அறுகம்புல்லைச் செருகிச் சமாளித்தார். விலக்கானவள் பார்வை பட்டால் கொடி கருகிவிடும் என்று, சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரும்படி எனக்கு உத்தரவு. நான் கொடியைப் பார்த்தேதான் உட்கார்ந்தேன். பார்ப்பதற்கு அங்கே வேறு என்ன இருந்தது?

மற்ற நாளில் அந்த நேரத்துக்கு நான் அடுப்படியில் இருப்பேன். பனி விலகும்போது பந்தலில் என்ன நடக்கிறது என்று அதற்கு முன் பார்த்ததே இல்லை. வெயில் எட்டிப் பார்த்ததும் தேனீக்கள் வந்தன. ஒன்று நீளக் காம்புப் பூவுக்குள் நுழைந்து, உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு வெளியே வந்தது. அப்படியே போய்ப் பிஞ்சுப் பூவுக்குள் புரண்டது. மறுநாளும் அதே கூத்து. மூன்றாம் நாள் பார்க்கிறேன், முதல் நாள் மலர்ந்த பூவின் பிஞ்சு மஞ்சளாகவில்லை. பச்சையாக, ஒரு சுற்றுப் பெருத்தும் இருந்தது.

நாலாம் நாள் தலைக்குக் குளித்து உள்ளே வந்தால், மாமியார் எனக்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

"நீ தொடாத மூணு நாள்ல ரெண்டு பிஞ்சு நின்னுடுச்சு. இன்னும் என்னம்மா சாட்சி வேணும்?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. ஒரு நிமிஷம் நானே அதை நம்பிவிட்டேன் என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பிறகு என் சேலை முந்தானையைப் பார்த்தேன். தினம் பூப் பறித்ததும் விரலில் ஒட்டுகிற பொடியை அதில்தான் துடைப்பேன். துவைத்தும் போகாத மஞ்சள் கறை. ஒரு மாதத்துக்கு மேலாகக் காயையெல்லாம் முந்தானையில் துடைத்துப் போட்டிருக்கிறேன்!

அன்றே அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். "அக்கா, உங்க வீட்ல பரங்கிப்பூவ என்ன பண்ணுவீங்க?"

"பூவயா? நாங்க எங்கம்மா சாணியில பூ வெக்கிறோம்? அது பாட்டுக்குப் பூக்குது, அது பாட்டுக்கு வாடுது."

நான்கு தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து வந்து மாமியார் முன் நின்றேன்.

"அத்தை, என் கைமேல தப்பில்ல. அந்த நீளக் காம்புப் பூவோட பொடி பட்டாத்தான் பிஞ்சு நிக்கும். எல்லாத்தயும் நான் விடியறதுக்குள்ள பறிச்சுட்டா, தேனீக்குப் பொடி ஏது?"

"அப்ப மார்கழில வாசலுக்குப் பூ வெக்காதங்கிறியா?"

"பூவும் வெக்கிறேன், காயும் காட்டறேன்."

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்றார்.

"இருக்கட்டும். நாளைக் காலைல வந்து பாருங்க. தேனீ வேணாம், என் கையாலயே பண்றேன்."

என் கணவர் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் விடிகிற நேரம். மாமியார் தலையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அரிக்கேன் விளக்கோடு வந்து நின்றார். பிஞ்சோடு இரண்டு பூக்கள் அப்போதுதான் இதழ் விரிந்துகொண்டிருந்தன. ஒன்றின் வாயை வெள்ளை நூலால் கட்டினேன். அதற்குப் பொடி கிடையாது. நீளக் காம்புப் பூ ஒன்றைப் பறித்து, இன்னொரு பிஞ்சுப் பூவுக்குள் விட்டு, மெதுவாகத் தடவினேன். தேனீ வந்து செய்துவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாதல்லவா? அதன் வாயையும் சிவப்பு நூலால் கட்டினேன். தடவிய பூ இதழ் கசங்காமல் இருந்தது. அதையே கொண்டுபோய் வாசலில் சாணியில் செருகினேன். மாமியார் விளக்கை ஊதி அணைத்துவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நான்கு நாளும் இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பந்தலடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஐந்தாம் நாள் வெள்ளை நூல் பிஞ்சு பழுத்துக் கீழே கிடந்தது. சிவப்பு நூல் பிஞ்சு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. நான் குதித்தேன். இருபத்திரண்டு வயசில், தலையில் எண்ணெயும் கையில் சீயக்காயுமாகக் கொல்லையில் நின்று குதித்தேன்.

அதற்கப்புறம் தினமும் பூக்களுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிற வேலைதான் எனக்கு. தடவுவேன், கட்டுவேன், பூவை வாசலுக்குக் கொண்டுபோவேன். பொங்கலுக்கு முன் பந்தலில் ஏழு காய்கள். பொங்கல் கூட்டுக்குச் சிவப்பு நூல் காயைத்தான் அறுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, நானே அறுத்தேன். மாமியார் இரண்டு தரம் கூட்டு வாங்கிச் சாப்பிட்டார். "உப்பு சரியா இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் எதிர்வீட்டு அம்மாளுக்கு நூல் கட்டுகிற வித்தையை அவர் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்ததை, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

தையில் பாலிகை நாள் வந்தது. கூடம் நிறையச் சுமங்கலிகள். கூப்பிடாத இடத்தில் நிற்பானேன் என்று நான் கதவோரம் இருந்தேன். மாமியார் தானியத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க வீட்டு மருமக எங்கே? அவதான் மொதல்ல போடணும்."

அவருடைய தங்கை மெல்ல, "அக்கா, அவளுக்கு இன்னும் ஒரு கொழந்தகூட…" என்று இழுத்தார்.

"கொல்லையில போய்ப் பந்தலப் பாத்துட்டு வந்து பேசு" என்றார் மாமியார். தட்டை என் கையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே, எல்லோர் முன்னாலும், "நான் சொன்னது தப்பும்மா" என்றார்.

கிண்ணங்கள் முன் உட்கார்ந்தேன். ஐந்து கிண்ணத்திலும் அள்ளி அள்ளிப் போட்டேன். கல்யாணம் முடிந்து பாலிகையைத் தண்ணீரில் கரைக்க எடுத்தபோது, பயிர் கிண்ணம் தெரியாமல் அடர்ந்து நின்றது. அதை முதலில் விதைத்தது, அன்றுவரை பிள்ளை தூக்காத என் கை.