ரெக்கவரி வண்டியில் ஏறிய ஸ்போர்ட்ஸ் கார்

போன மாதம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ரெக்கவரி வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் போனோம். காரில் ஒரு ரிப்பேரும் இல்லை. ஜம்மென்று ஓடும். பின்னே ஏன் ஏற்றினீர்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? தூசி படக்கூடாதாம்!

கார் என்னுடையதல்ல. அந்த அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை. கோவிலம்பாக்கத்தில் எங்கள் எதிர் ஃப்ளாட் யூசுஃப் பாயுடையது. பல்லாவரத்தில் பாத்ரூம் ஃபிட்டிங்ஸ் கடை வைத்திருக்கிறார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, யாரோ ஓட்டிக் களைத்து விற்ற பழைய வண்டி. வாங்கிய நாளிலிருந்து அதைத் துடைக்கிறார், கவர் போடுகிறார், கவரை எடுத்துவிட்டு மறுபடி துடைக்கிறார். ஓட்டி மட்டும் நான் அதிகம் பார்த்ததில்லை.

பதினைந்து வருடம் தாண்டிவிட்டதால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புகை டெஸ்டில் பாஸாக வேண்டும். அங்கேதான் சிக்கல். பழைய ஓனர், சத்தம் கெத்தாக இருக்கட்டும் என்று கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டியிருக்கிறார். சைலன்ஸருக்கு முன்னால் உட்கார்ந்து, எஞ்சின் கக்கும் விஷப் புகையைச் சாதுவாக்கி அனுப்புகிற டப்பா அது. அது இல்லாமல் பாஸாவது எப்படி?

யூசுஃப் பாயின் மனைவி சபீனா கறாராகச் சொல்லிவிட்டார். "பாஸ் ஆகலன்னா இரும்புக் கடைக்குப் போட்டுடணும். இருக்கிறது ஒரே பார்க்கிங். பசங்கள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற என் கார் ரோட்டுல காயுது, இது நிழல்ல தூங்குது. நியாயமா அண்ணா, நீங்களே சொல்லுங்க."

நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே என் வீட்டுக்குள் நழுவினேன். எதிர்வீட்டில் நல்ல பெயரோடு வாழ அது ஒன்றுதான் வழி.

மேடவாக்கம் மெக்கானிக் டில்லி காருக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரிஜினல்னா ஃபாரின்லருந்து வரணும் பாய். அது வர்றதுக்குள்ள வண்டி துரு புட்ச்சிடும். வேற கம்பெனி பீஸ் ஒண்ணு கீது. அளவு பாத்து வெல்டு வெச்சுடலாம்."

வைத்தார். சாவியைத் திருப்பினால்... முன்பு மூன்றாவது மாடி ஜன்னல் வரை அதிரவைத்த வண்டி, இப்போது மிக்ஸி மாதிரி முனகியது. யூசுஃப் பாயின் முகம் சுருங்கிவிட்டது. "என்ன சார், சத்தமே இல்ல?" என்றார். துக்கம் விசாரிப்பதுபோல் நான் தோளில் தட்டினேன்.

டெஸ்ட் நாள் வந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் காரைக் கழுவி, பாலிஷ் போட்டு, ரெக்கவரி வண்டியில் ஏற்றிவிட்டார். வேளச்சேரி–தாம்பரம் சாலையின் பள்ளத்தில் அதை இறக்க மனசு வரவில்லையாம். நாலு வார்த்தை பேசத் தெரிந்தவன் என்று என்னையும் முன்னால் ஏற்றிக்கொண்டார்கள். செம்பாக்கம், சேலையூர் என்று வழியெல்லாம் ஜனங்கள் அனுதாபத்தோடு பார்த்தார்கள்.

டெஸ்ட் சென்டரில் இறக்கி, ஸ்டார்ட் செய்த கையோடு, பின்னால் குழாயைச் செருகினார்கள். ஃபெயில். புதுக் கன்வெர்ட்டர் போட்ட வண்டி ஃபெயில்! நாலு வார்த்தை பேச வந்த நான், கார் ரொம்ப நல்ல கார் என்று மட்டும் அவர்களிடம் சொன்னேன்.

டில்லிக்கு போன் போட்டார் யூசுஃப் பாய். அந்தப் பக்கம் ஒரே அலறல். "இன்னாது, தூக்கினு போனீங்களா? அது சூடானாத்தான் வேலை செய்யும் பாய்! நல்லா ஓட்டிக்கினு போய், ஆர்றதுக்குள்ள டெஸ்ட் குடுக்கணும். சொல்லணும்னு இருந்தேன்... மறந்துட்டேன்."

யூசுஃப் பாயைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? எங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. உறை கிழிந்து, பட்டன் அழுத்தினால் பதியாது. ஆனாலும் ரிமோட் புதுசாக இருக்கிறது! கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கப் ஷோகேஸில் இருக்கிறது, நாங்கள் விளிம்பு உடைந்த டம்ளரில் காபி குடிக்கிறோம். நல்ல பொருளை வாங்குகிறோம், பிறகு அதை நம்மிடமிருந்தே காப்பாற்றுகிறோம்.

மறுவாரம் இரண்டாவது டெஸ்ட். யூசுஃப் பாய் ஓட்டினால் இரண்டாம் கியரைத் தாண்டமாட்டார். டப்பா எங்கே சூடாவது? சபீனா சாவியைப் பிடுங்கிக்கொண்டார். எனக்கு ஆச்சரியம். இரும்புக் கடைக்குப் போகட்டும் என்று சொன்னவரே ஓட்டுவதா?

"தோத்தா தோக்கட்டும் அண்ணா. ஆனா நியாயமாத் தோக்கணும்" என்றார்.

நான் பஸ்ஸில் முன்னாலேயே போய் சென்டர் வாசலில் நின்றேன். அவர்கள் நேராக வரவில்லை. பெரும்பாக்கத்தில் சபீனாவின் அக்கா வீட்டுக்கு பிரியாணி கொடுத்துவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். பானெட் முழுக்கச் சேறு, கண்ணாடியில் காக்கை எச்சம். பக்கத்து சீட்டில் காலி டிபன் கேரியரை மார்போடு அணைத்தபடி யூசுஃப் பாய். கண்ணை இறுக்க மூடியிருந்தார். சபீனாவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

எஞ்சினை அணைக்காமலே டெஸ்ட் எடுத்தார்கள். பாஸ்.

யூசுஃப் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. காருக்கு எதுவும் தெரியவில்லை, முனகிக்கொண்டே நின்றது. சபீனா தோற்றுப்போனவர் மாதிரியே இல்லை. சாவியைத் திருப்பித் தரவும் இல்லை.

நேற்று மாலை யூசுஃப் பாயை மேடவாக்கம் கூட்ரோடு பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். தினமும் அந்தச் சிவப்புக் காரைச் சபீனாதான் எடுக்கிறாராம். அவரே சொன்னார். பாவமாக இருந்தது.

"அப்போ உங்களுக்கு என்னதான் மிச்சம் பாய்?" என்று கேட்டேன்.

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, பெருமையாகச் சொன்னார்: "பெட்ரோல் நான்தான் சார் போடறேன்."