முன்பக்கம் மட்டும் பட்டு

சேலையூர் கேம்ப் ரோட்டில், பள்ளி ஆண்டுவிழாக்களுக்கு வேஷ உடைகள் வாடகைக்கு விடும் கடையில் நிற்கிறேன். ஓவிய நண்பர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க, முப்பது வருடம் தாமதமாக வந்திருக்கிறேன்.

சுவரில் அவர் வரைந்த படம் தொங்குகிறது. எங்கள் கல்லூரி நாடகத்தில் வரும் அமைச்சரின் உடை. முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டு உருவங்கள். அமைச்சராக நடித்தவன் அங்கே பேராசிரியராக இருந்த நான், இயக்குநரும் நான்தான். முகம் என்னுடையதல்ல. ஆனாலும் என்னைத்தான் வரைந்திருக்கிறார் என்று அப்போதே புரிந்தது. அன்றே நாடக அழைப்பிதழிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டேன்.

கடையைக் கவனிப்பவர் அவருடைய மகள். என்னைத் தெரியாது.

"இது யாரும்மா?"

"மந்திரி சார். ராஜாவுக்கு முதுகையே காட்ட மாட்டாராம். அதான் முன்னாடி பட்டு, ஜரிகை, பின்னாடி கிழிஞ்ச காடாத்துணி. நிஜமாவே அப்படி ஒரு புரொபசர் இருந்தாராம், அப்பா சொல்வாரு."

"அப்பா இருக்காரா?"

"மாடியில. யாருன்னு சொல்லட்டும்?"

"பழைய சிநேகிதர்" என்று கௌரவமாகச் சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் திரும்புகிறேன்.

"என்ன சார், சட்டைக்குப் பின்னாடி இஸ்திரியே போடலையா?" என்று சிரிக்கிறாள்.

போடவில்லை. ரயிலில் சாய்ந்தால் கசங்கத்தானே போகிறது என்று முன்பக்கம் மட்டும் தேய்ப்பது என் பழக்கம்.

"மந்திரி வந்திருக்காருன்னு சொல்லும்மா."

அவள் மேலே பார்த்துக் கத்துகிறாள். மாடியிலிருந்து அவர் குரல் வருகிறது.

"திரும்பி நிக்கச் சொல்லு. பாத்துட்டுச் சொல்றேன்."